செஞ்சி அரண்மனையின் வம்புக் கதைகள்

(திண்டிவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்து அரச குடும்பத்தின் மறைக்கப்பட்ட கதைகளைப் பற்றிப் பேச முடியுமா என்று அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். பேசலாம், ஆனால் பாதி வழியில் செஞ்சிக்குத் திரும்பிவிடுவேன் என்றேன். சம்மதித்தார்கள். உண்மையில் பாதி வழி வரைகூடப் போகப்போவதில்லை.

விக்டோரியா மகாராணி 1901 ஜனவரி 22இல் இறந்தார். ஆக்ராவிலிருந்து 1887இல் பணியாளாகப் போய், அவருக்கு உருது சொல்லிக்கொடுத்து, 'முன்ஷி' என்று பெயர் பெற்று, அரண்மனையே பொறாமைப்படும் இடத்துக்கு உயர்ந்தவர் அப்துல் கரீம். ராணி அவருக்கு எழுதிய கடிதங்களை, புதிய மன்னர் ஏழாம் எட்வர்டின் ஆணைப்படி கொளுத்தினார்கள். அது ஒரு தீ. இன்னொன்று நிதானமாக எரிந்தது. விக்டோரியாவின் நாட்குறிப்புகளை அவருடைய கடைசி மகள் பியாட்ரிஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து, தமக்கு ஒவ்வாதவற்றை விட்டுவிட்டுப் படியெடுத்தார். 111 நோட்டுப் புத்தகங்கள். படியெடுத்து முடித்த மூலங்களை அழித்துவிட்டார்.

அதற்கு முந்தைய தலைமுறைகளில் வேறு வழி. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், 1785இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை ரகசியமாக மணந்தார். அந்தக் காலத்தில் கத்தோலிக்கரை மணந்தால் அரியணை உரிமை போய்விடும். மன்னரின் சம்மதமில்லாத திருமணம் அப்போதைய சட்டப்படி செல்லவும் செல்லாது. அந்தத் திருமணச் சான்று பின்னர் லண்டன் கூட்ஸ் வங்கியின் பெட்டகத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கேயே கிடந்தது. பிந்தைய தலைமுறையில், 1936இல், எட்டாம் எட்வர்டும் அமெரிக்கப் பெண்மணி வாலிஸ் சிம்ப்சனும் பழகியது அமெரிக்கப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது, லண்டன் பத்திரிகைகள் டிசம்பர் வரை வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் வந்து இறங்கினால், அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டுத்தான் கடைக்கு அனுப்பினார்கள்.

தீ, பெட்டகம், கத்தரிக்கோல். அரண்மனையில் காகிதம் இருந்ததால்தான் இவை மூன்றும் தேவைப்பட்டன. இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் செஞ்சியில் எரிப்பதற்கு ஒன்றுமில்லை. கோட்டை இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, கல்யாண மகால் இருக்கிறது. அரண்மனை ஆவணம் என்று மிஞ்சியது இல்லை. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அந்தக் கோட்டைக்குள் நடந்த வம்புகள் எல்லாம் வெளியாள் வாயாகத்தான் நமக்கு வந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் சொன்னது, விருந்தாளி எழுதியது, பகைவர் பதிந்தது, தெருப் பாடகர் பாடியது. யார் சொன்னார், அவருக்கு அந்தக் கதை எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டுக்கொண்டுதான் அவற்றை நம்பவோ தள்ளவோ முடியும். இன்று நான் செய்ய நினைப்பது அவ்வளவே.

திண்டிவனத்துக்கு மிக நெருக்கமான கதையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்களை, நாம் நயினார் என்று அழைக்கிற அந்தக் குடும்பத்தாரை, உங்களில் பலருக்குத் தெரியும். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. மடாதிபதிக்கு லட்சுமிசேனர் என்பது பட்டப்பெயர். வீடூர், பெருமண்டூர், வளத்தி என்று அவர்கள் வாழ்ந்த, வாழ்கிற ஊர்கள் பல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டும் உண்டு. நாயக்கர்கள் கோட்டை கட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மண்ணில் இருந்தவர்கள்.

அவர்கள் சொல்லிவந்த கதை கர்னல் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய சுவடிகளில் ஏறி, 1906இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரிலும் இடம்பெற்றது. ஆண்டு 1478 என்கிறது கதை. செஞ்சியை வெங்கடபதி நாயக்கன் என்ற சிற்றரசன் ஆண்டான். அவன் குலம் தாழ்ந்தது என்று ஊர் எண்ணியது. அவனுக்கு ஓர் ஆசை: உயர்குலப் பெண் ஒருத்தி தனக்கு மனைவியாக வேண்டும். பிராமணர்களைக் கேட்டான். அவர்கள் நேராக மறுக்கவில்லை. சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்றார்கள். சமணர்களைக் கேட்டான். அவர்கள் கூடிப் பேசிச் சரி என்றார்கள். நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் பரிவாரத்தோடு நாயக்கன் பெண் வீட்டுக்கு வந்து இறங்கினான். வீட்டில் ஆள் இல்லை. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது.

சமணர் தலைகளை வெட்டச் சொல்லி ஆணை பிறந்தது. சிலர் வெட்டுண்டார்கள், சிலர் ஓடினார்கள், சிலர் பூணூலைக் கழற்றிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு சைவரானார்கள். நீறுபூசி வேளாளர் என்று ஒரு கூட்டத்தார் இருப்பதற்கு இதுதான் காரணம் என்கிறது கதை.

கதை அங்கே முடியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதிதான். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் (கோட்டை வேலூர் என்று எண்ணிவிடாதீர்கள், இது நம் பக்கத்துச் சிற்றூர்) ஒரு குளத்தங்கரையில் ஒருவர் சமண முறைப்படி அனுட்டானம் செய்துகொண்டிருந்தபோது அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று நாயக்கனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகிழ்ச்சியில் விட்டுவிடச் சொன்னான். தப்பியவர் சிரவணபெளகொளாவுக்குப் போய்த் துறவியானார். வீரசேனாசாரியர் என்று பெயர். இதற்கிடையே தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்பவர் ஓடிப்போய் உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலம் பெற்றிருந்தார். நிலைமை தணிந்ததும் அவர் சிரவணபெளகொளாவுக்குப் போய் வீரசேனரை அழைத்துவந்து, செஞ்சிச் சீமை முழுக்க ஊர் ஊராகச் சென்று, நீறு பூசிக்கொண்டவர்களை மறுபடி தம் சமயத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் சமணர் கூடும் சடங்குகளில் தாயனூர் உடையார் வழியில் மூத்தவருக்கு முதல் தாம்பூலம் என்று வழக்கம் ஏற்பட்டதாக கெசட்டியர் பதிந்திருக்கிறது.

இதில் எதை நம்புவது? ஆண்டு இடிக்கிறது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1509க்குப் பிறகு என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். 1478இல் ஒரு வெங்கடபதி நாயக்கனை அங்கே உட்கார வைப்பது எளிதல்ல. செஞ்சி வரலாற்றை 1943இல் நூலாக எழுதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியைப் படிக்கிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் தீராது. நாயும் இடிக்கிறது. அரசன் பெண் கேட்டான், கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பந்தலில் நாயைக் கட்டிவைத்து இரவோடு இரவாக ஊரைக் காலி செய்தோம் என்ற கதையைத் தெற்கே எத்தனையோ சமூகத்தார் தங்கள் இடப்பெயர்வுக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அரசன் பெயரும் ஊரும்தான் மாறும், நாய் மாறாது. ஊர் விட்டு ஊர் நடந்த நாய் அது.

ஆனால் தாம்பூலத்தை என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. கதையை யாரும் கட்டலாம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் முதல் மரியாதை என்பதை மற்றக் குடும்பங்கள் சும்மா விட்டுக்கொடுப்பார்களா? நம் ஊர்களில் முதல் மரியாதைக்காகத் தேர் நின்றிருக்கிறது, கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். ஏதோ ஒரு காலத்தில் இந்தச் சமூகம் சிதறியது, தாயனூர்க்காரர் ஒருவர் முயன்று திரும்பக் கூட்டினார் என்பதற்கு அந்த வெற்றிலை பாக்கு எனக்குப் போதுமான சாட்சி. சிதறலுக்குக் காரணம் ஒரே ஓர் அரசனின் கல்யாண ஆசைதானா என்றால், நான் நம்பவில்லை. வரியோ, நிலமோ, வேறு சமயத்தாரின் செல்வாக்கோ, மெல்ல நடந்த ஒன்றை ஒரே இரவுக் கதையாக்கிச் சொல்வது நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம்.

இன்னொன்று. கதை முழுக்க ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தப் பெண் கதையில் இல்லை. பெயர் இல்லை, யார் மகள் என்பதும் இல்லை. அவள் நிற்க வேண்டிய திண்ணையில் நாய் நிற்கிறது. ஃபிட்ஸ்ஹெர்பர்ட் அம்மையாருக்காவது வங்கிப் பெட்டகம் ஒன்று இருந்தது.

சரி, உண்மையான செஞ்சி நாயக்கர் ஒருவரை நேரில் பார்த்து எழுதியவர் உண்டா? உண்டு. 1597இல் பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் இவ்வளவு பெரிய ஊரைத் தாம் பார்த்ததில்லை, லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலிலும் இதற்கு ஈடில்லை என்ற கருத்தில் எழுதினார். கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டுக் கம்பளத்தில் இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி அவரை வரவேற்றார். கழுத்தில் பொன்னும் மணியும்; நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்து முத்துச் சரம் சுற்றியிருந்தார். பரங்கிப்பேட்டைத் துறைமுகம் வளர்ந்ததற்கு இவரே காரணம் என்பார்கள்.

இந்த நேர்த்தியான மனிதரின் பின்கதையையும் பாதிரியார் சொல்லிவிடுகிறார். கிருஷ்ணப்பரைச் சித்தப்பா சிறையில் தள்ளியிருந்தார். நண்பர்கள் மீட்டார்கள். வெளியே வந்தவர் சித்தப்பாவைப் பிடித்து, இரண்டு கண்களையும் பிடுங்கி, தாம் இருந்த சிறையிலேயே அடைத்தார். இங்கிலாந்தில் 1483இல் இதே ஆட்டம் தலைகீழாக நடந்தது. அங்கே சித்தப்பா மூன்றாம் ரிச்சர்ட் வென்றார்; அண்ணன் பிள்ளைகள் இருவரும் லண்டன் கோட்டைக்குள் போனவர்கள் திரும்ப வரவில்லை. அந்த ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தில் தோண்டி எடுத்து, மரபணுச் சோதனை செய்து, மறு அடக்கமும் செய்துவிட்டார்கள். நம் சித்தப்பாவின் பெயரைச் சொல்லக்கூட இங்கே ஆளில்லை. செஞ்சியில் சக்கரக்குளத்துக்கு அருகே ஒரு பாறைப் பிளவைக் காட்டி, கைதிகளைத் தூக்கிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட கிணறு என்பார்கள். பயணிகளுக்குப் பிடித்த இடம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தண்ணீர் தேங்காத பள்ளத்தையெல்லாம் சிறை என்று சொல்வது கோட்டை ஊர்களின் பழக்கம்.

பிமென்டாவின் எழுத்தில் மிகக் கொடுமையானது சிதம்பரத்தில் நடந்தது. நடராசர் கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராசப் பெருமாள் சன்னதியின் சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டாம் குலோத்துங்கன் அந்தத் திருமேனியை அகற்றினான் என்ற மரபைக் கமல்ஹாசனின் 'தசாவதாரம்' தொடக்கக் காட்சியாகவே எடுத்தது. விசயநகர அரசர் அச்சுதராயர் காலத்தில், 1539இல், மீண்டும் நிறுவினார்கள். கிருஷ்ணப்ப நாயக்கர் அந்தச் சன்னதியைப் பெரிதாக்கப் போனார். கோயில் அர்ச்சகர்கள் எதிர்த்தார்கள். வேலையை நிறுத்தாவிட்டால் கோபுரத்திலிருந்து குதித்துச் சாவோம் என்றார்கள். குதித்தும்விட்டார்கள். இருபது பேர் இறந்ததாகப் பாதிரியார் எழுதுகிறார். நாயக்கர் மனம் மாறாமல், ஏறுகிறவர்களைச் சுடச் சொன்னார். இருவர் சுடப்பட்டு இறந்தபின் மற்றவர்கள் ஓய்ந்தார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். அவளுக்கும் பெயரில்லை.

இந்தச் செய்தியில் பிமென்டாவுக்கு என்ன லாபம்? வேற்றுச் சமயத்தாரின் பிடிவாதத்தை ஐரோப்பிய வாசகருக்குக் காட்டும் வாய்ப்பு. இருபது என்ற எண்ணில் கொஞ்சம் தாராளம் இருக்கலாம். ஆனால் அவர் நாயக்கரின் விருந்தாளி. தேவாலயம் கட்ட அனுமதியும் உதவியும் எதிர்பார்த்து வந்தவர். தமக்கு உதவக்கூடிய அரசர் மேல் வேண்டுமென்றே பழி போட அவருக்குக் காரணமில்லை. அதனால் இதன் சாரத்தை நம்புகிறேன். சைவம், வைணவம் இரண்டு பக்கமும் பேச விரும்பாத நிகழ்ச்சி என்பதால்தான் வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் அதைக் காப்பாற்றித் தர வேண்டியதாயிற்று.

அடுத்த நூறாண்டை வேகமாகக் கடக்கிறேன். பீஜப்பூர் வந்தது, 1677இல் சிவாஜி வந்தார், 1689 இறுதியில் அவர் மகன் ராஜாராம் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார், 1690இல் ஔரங்கசீபின் படை முற்றுகையிட்டது. முற்றுகை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். இந்த முற்றுகைக் கூடாரத்துக்குள் நடந்ததுதான் சுவையான வம்பு. ஔரங்கசீபின் கடைக்குட்டி மகன் காம் பக்ஷ் படையோடு வந்திருந்தார். தளபதி சுல்ஃபிகர் கான். அவருடைய தந்தை ஆசத் கான் பேரரசின் வசீர். கிழவரான ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. இளவரசர் கோட்டைக்குள் இருக்கும் ராஜாராமோடு ரகசியத் தூது நடத்துகிறார் என்று தளபதிக்குத் தெரியவந்தது. 1692 முடிந்து 1693 பிறக்கும் வேளையில், பாதுஷாவின் பிள்ளையைப் பாதுஷாவின் ஊழியர்களே சிறைப்பிடித்தார்கள். பிறகு படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. தந்தையிடம் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட இளவரசருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் தாய் உதய்பூரி மகால் மீது கிழவருக்கு இருந்த பிரியம் உதவியது.

1698இல் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். மனைவியர் சிலரும் பிள்ளைகளும் பிடிபட்டார்கள். சுல்ஃபிகர் வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடித்தார், ராஜாராமைப் போகவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் அவர் மேல் பொறாமை கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் எட்டு ஆண்டு என்பது எட்டு ஆண்டுதான். கோட்டைக்கு அவருடைய பட்டப்பெயரை வைத்து நுஸ்ரத்கட் என்றார்கள். 1709இல் ஐதராபாத்துக்கு அருகே காம் பக்ஷை வீழ்த்திய படையை நடத்தியவரும் இதே சுல்ஃபிகர். 1713இல் புதிய பாதுஷா ஃபரூக்சியர் சுல்ஃபிகரையே கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார். செஞ்சிக் கூடாரத்தில் தொடங்கிய பகை டில்லியில் போய்க் கணக்குத் தீர்த்துக்கொண்டது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

இதே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹனோவர் அரண்மனையிலும் ஒரு விவகாரம். இளவரசர் ஜார்ஜின் மனைவி சோபியா டோரதியா, கோனிக்ஸ்மார்க் என்ற படை அதிகாரியைக் காதலித்தார். 1694 ஜூலையில் ஓரிரவு அரண்மனைக்குள் போன கோனிக்ஸ்மார்க்கை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. மணவிலக்குச் செய்யப்பட்ட சோபியாவை ஆல்டன் என்ற ஊர்க் கோட்டையில் வைத்தார்கள். 1726இல் சாகும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், அங்கேதான். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த ஜார்ஜ் 1714 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு முதலாம் ஜார்ஜ் மன்னர் ஆனார். மனைவியை அடைத்துவைத்துவிட்டு, காதலியோடு லண்டனுக்கு வந்து, அக்டோபரில் முடிசூட்டிக்கொண்டார். அதே அக்டோபரின் தொடக்கத்தில் செஞ்சிக்கு அருகே தேசிங்கு இறந்தான்.

தேசிங்கு ராஜன் கதையைப் 'பெரிய எழுத்து'ப் புத்தகத்தில் படித்த தலைமுறை இந்த அவையில் இருக்கிறது. பாடக் கேட்டவர்களும் இருப்பீர்கள். 1960இல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தது. டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரை பாராசாரியைச் சிறுவன் அடக்கி வென்றது, மணமேடையில் இருந்த நண்பன் மோவுத்துக்காரன் என்கிற மகபத் கான் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு வந்தது, கடைசியில் தேசிங்கு தன் வாளை ஆகாயத்தில் வீசி மார்பில் ஏந்தி உயிர்விட்டது எல்லாம் கதைப்பாட்டில் உள்ளவை.

ஆவணங்களில் இருப்பவன் வேறு ஆள். பெயர் தேஜ் சிங். மத்திய இந்தியாவின் புந்தேல்கண்டைச் சேர்ந்தவன். தந்தை ஸ்வரூப் சிங்கை ஔரங்கசீப் செஞ்சிக் கோட்டைக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைக் காவல் அதிகாரியாக, நியமித்தார். ஸ்வரூப் சிங் லேசுப்பட்டவர் அல்லர். 1710இல் தேவனாம்பட்டினத்து ஆங்கிலக் கம்பெனியோடு தகராறு முற்றி, இரண்டு ஆங்கிலப் படை அதிகாரிகளைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்தார். சண்டை இரண்டு ஆண்டு நீண்டு, பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர் நடுவில் புகுந்து தீர்க்க வேண்டிவந்தது. ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருந்தார். அவர் இறந்ததும் இருபத்திரண்டு வயது மகன் வந்து கோட்டையில் உட்கார்ந்துகொண்டான். தந்தைக்குக் கொடுத்த சனது, அதாவது நியமன ஆணை, எனக்கும் செல்லும் என்பது அவன் வாதம். பாதுஷா மாறிவிட்டார், புது உத்தரவு இல்லாமல் செல்லாது, முதலில் பாக்கியைக் கட்டு என்பது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் வாதம்.

சட்டப்படி பார்த்தால் நவாப் சொன்னதில் நியாயம் இருந்தது. இதைச் செஞ்சிப் பக்கத்தில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். திண்டிவனம் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். டில்லியின் ஏட்டில் அவன் கில்லேதாரின் மகன். ஆற்காட்டின் ஏட்டில் நிலுவைதாரன். ராஜா என்ற பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது ஜனங்கள்தான். ஏறத்தாழ பத்து மாதம் ஆண்டவனுக்கு முந்நூறு ஆண்டாக அந்தப் பட்டம் நிற்கிறது.

இதை இந்து, முசல்மான் சண்டையாகச் சொல்கிறவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். தேசிங்கின் உயிர்த் தோழன் மகபத் கான். நவாப் பக்கம் நின்ற முக்கியமான அதிகாரி லாலா தோடர்மால். காஞ்சி வரதராசர் திருமேனி உடையார்பாளையத்திலிருந்து திரும்பிவரத் துணைநின்றவர் என்று அந்தக் கோயிலில் சிலை வைக்கப்பட்டிருக்கும் அதே தோடர்மால். இருதரப்புக்கும் நடுவே கிடந்தது பணமும் சனதும்தான்.

சங்கராபரணி ஆற்று வெள்ளத்தைக் குதிரையிலேயே கடந்து, சில நூறு குதிரை வீரர்களோடு தேவனூர்ப் பக்கம் கடலி வெளியில் தேசிங்கு மோதினான். நவாபின் தளபதி தவுலத் கான் யானைமேல் இருந்தபடி கொல்லப்பட்டார். மகபத் கான் விழுந்தார், குதிரை விழுந்தது, கடைசியில் தேசிங்கு மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தான். நீலாம்பூண்டியில் மகபத் கான் சமாதியையும் குதிரையின் சமாதியையும் இன்றும் காட்டுகிறார்கள்.

வாளா, குண்டா என்றால் நான் குண்டின் பக்கம். சுட்டவன் பெயரில்லாத ஒரு சிப்பாய். அப்படிப்பட்டவன் கையால் சாகும் நாயகனை இரவெல்லாம் பாடமுடியாது; கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பாடகர்கள் அவன் சாவை அவன் கையிலேயே கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகச் செஞ்சிக்காரர் நாராயணப் பிள்ளை எழுதிய 'கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கும் நூல். மாணவர்கள் அதை அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

தேசிங்கின் மனைவி ராணிபாய் என்கிறது மரபு. அவன் உடலோடு, செட்டிக்குளத்தருகே, தீக்குளித்தாள். ஆல்டனில் அடைபட்ட சோபியா தன் காதலனுக்கு எழுதிய கடிதங்கள் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. யாரும் போய்ப் படிக்கலாம். ராணிபாய் என்ன நினைத்தாள் என்பதற்குப் பாடகர்கள் அவள் வாயில் வைத்த ஒப்பாரி மட்டும்தான் நமக்கு உண்டு. அவளாக விரும்பித்தான் ஏறினாளா என்ற கேள்வியைப் பாட்டு எழுப்புவதே இல்லை.

வென்ற நவாப் செஞ்சியில் ஒரு மசூதி கட்டினார். 1717–18ஐச் சேர்ந்த பாரசீகக் கல்வெட்டு அவர் வெற்றியைச் சொல்கிறது. இறந்த பெண்ணின் கற்பை மெச்சி அவள் நினைவாகப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை அவரே உண்டாக்கினார் என்பது ஆற்காட்டுப் பக்கத்து மரபு. அந்த ஊர் தோன்றிய ஆண்டு 1771 என்று பல கையேடுகள் அச்சிட்டிருக்கின்றன. சாதத்துல்லா கான் இறந்தது 1732இல். இறந்து முப்பத்தொன்பது ஆண்டு கழித்து ஒருவர் ஊர் உண்டாக்க முடியாது; ஆண்டு தவறாக இருக்க வேண்டும், அல்லது ஆள் தவறாக இருக்க வேண்டும். ஆற்காட்டு நவாபுகளுக்கு இந்தக் கதை நல்ல பெயர் வாங்கித் தந்தது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது. எந்த ராணி என்று அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் நம் செஞ்சிப் பெண்ணைத்தான் சொல்வார்கள். அதை மறுக்க என்னிடம் இன்று சான்று இல்லை, ஒப்பவும் இல்லை. ஆற்காட்டு நவாபின் வரவு செலவுக் கணக்குகளைப் பாரசீகம் தெரிந்த மாணவர் ஒருவர் எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கக்கூடும்.